பெட்டிக்கு அவன் வைத்த வண்ணம், அவனுக்கு நான் வைத்த பெயர்

ஏழுமலை எனக்கு முன்னால் போய்விடுவான் என்று நான் பத்து வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். எங்கே போவான், எப்படிப் போவான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். ரைஸ் மில் லைன் வீட்டில், ஏதாவது ஒரு பெட்டிக்கு முன்னால், கையில் பிரஷ்ஷோடு, கன்னத்தைப் பலகையில் வைத்தபடியே போவான் என்றேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். அப்படியேதான் போனான். அவன் போன பிறகு அவனைப் பற்றி எழுத ஆள் தேடுவார்கள், தேடித் தேடி என்னிடம்தான் வந்து நிற்பார்கள் என்பதையும் சொல்லியிருந்தேன். வந்து நின்றார்கள்.

செய்தி வந்தபோது நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சலூனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது. போனில் அவன் மகள் செல்வி.

"மாமா, அப்பா போயிட்டாருங்க."

"எப்போ?"

"தெரியல மாமா. காலைல டீ வெச்சி எடுத்துக்கினு வந்தேன். பொட்டி மேல சாஞ்சிக்கினு இருந்தாரு. பெயிண்ட் காஞ்சிருச்சான்னு பாக்கறாருன்னு வுட்டுட்டேன். டீ ஆறிப்போச்சு மாமா."

மறு கன்னத்தையும் வழித்துக்கொண்டுதான் புறப்பட்டேன். செத்தவன் காத்திருப்பான், பாதி முகத்தோடு போனால் ஊர் சும்மா விடாது. யார் போனது என்று சலூன்காரர் கேட்டார். ஏழுமலை என்றேன். எந்த ஏழுமலை என்றார். "சாயம்" என்றேன். "அடடா, சாயமா!" என்று கத்தியை நிறுத்திவிட்டார். அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. அதை வைத்தவன் நான்.

எங்கள் இன்னிசைக் குழுவில் வாசித்தவர்கள், பாடியவர்கள், எங்களுக்குச் சோறு போட்ட கல்யாண வீட்டார், திருவிழாக்காரர்கள் எல்லோரும் படத்திறப்புக்கு வருவீர்கள் என்று இந்தச் சிறு புத்தகம் அச்சாகிறது. நான் எட்டாவது வகுப்பை இரண்டு முறை படித்தவன். கூட்டிப் பார்த்தால் ஒன்பதாவது முடித்ததற்குச் சமம். இருபத்தைந்து வருஷம் மேடையில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவன். ஏழுமலை கட்டியது என் சித்தப்பா மகள் பச்சையம்மாளை. அந்த முறையில் அவன் எனக்கு மாப்பிள்ளை, செல்விக்கு நான் மாமன். வயதில் என்னைவிட இளையவன் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன். செத்துப்போனதற்காக ஒருவனுக்குத் திடீரென்று 'ர்' போடுவது எனக்குப் பழக்கமில்லை.

செல்வி என்னிடம் இரண்டு கேட்டாள். ஒன்று, இந்த நினைவஞ்சலி. இன்னொன்று, அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும் என்பது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போன அன்றைக்கே அதில் தகராறு வந்தது. அச்சகத்தில் வைத்து நான், "சாயம் ஏழுமலைன்னு போடுப்பா. வெறும் ஏழுமலைன்னு போட்டா எவன் வருவான்?" என்றேன்.

"மாமா, வேணாங்க," என்றாள் செல்வி. "செத்ததுக்கு அப்புறமாவது வுடுங்க."

"இந்த ஜில்லாவுல எத்தினி ஏழுமலை இருக்கான் தெரியுமா? சாயம் ஒருத்தன் தான்டி."

"அவருக்கு அது புடிக்காது மாமா."

"அவன் எங்கிட்ட சொன்னதே இல்லியே."

போஸ்டரில் பெரிய எழுத்தில் 'சாயம்' என்றும், கீழே அதில் பாதி அளவில் 'ஏழுமலை' என்றும் வந்தது. கூட்டம் வந்தது. நான் சொன்னது சரி. ஆனாலும் படத்துக்குக் கீழேயாவது வெறும் பெயரைப் போடுங்கள் என்று செல்வி விடாமல் கேட்கிறாள். அதனால் இங்கே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, அந்தப் பெயர் அவனுக்குத் தகுமா தகாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏழுமலை கிட்டார் வாசிப்பான் என்பது உங்களுக்குத் தெரியும். எலவனாசூர்கோட்டையில் ஒரு பெண் அழைப்பில் அவன் வாசித்ததைக் கேட்டு சாரட்டு வண்டிக் குதிரை நடுரோட்டில் நின்றுவிட்டது. சாரட்டுக்காரன் சாட்டையால் அடித்தும் நகரவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தது. இதற்கு மூன்று சாட்சிகள் இருந்தார்கள், இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், மூன்றாவது ஆள் நான். ஆனால் வாசிப்பதில் அவனுக்குப் பெரிய பெருமை கிடையாது. அவன் பெருமை எல்லாம் கிட்டார் சத்தம் வருகிற பெட்டியில்தான். மில்லில் மூட்டை அடுக்கிவிட்டு வந்து, பிளைவுட்டை அறுத்து, ஸ்பீக்கர் வைத்து, உள்ளே சர்க்யூட் பூட்டி, ஆம்ப்ளிபயர் பெட்டியைத் தானே செய்வான். காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற பெடலுக்கு அலுமினிய டிபன் பாக்ஸ். செல்வி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன டிபன் பாக்ஸ்தான் அவன் செய்த முதல் பெடல். பிள்ளை நான்கு நாள் இலையில் கட்டிச் சோறு கொண்டுபோனாள்.

செய்வதோடு விடமாட்டான். வண்ணம் வைப்பான். அதுவும் எனாமல் இல்லை, ஸ்டேஷனரிக் கடையில் பிள்ளைகள் பானை வரையவும் அட்டை ஒட்டவும் வாங்குகிற குட்டிப் புட்டி வண்ணம். தண்ணீரில் கலக்குவது, தண்ணீரிலேயே பிரஷ் கழுவுவது. கடையில் அவன் வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள். நான் ஒருமுறை பார்த்துவிட்டு, "மாப்ள, எந்த கிளாஸ்ரா நீ?" என்று ரோட்டிலிருந்தே கத்தினேன். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான்.

"எனாமல் அடிச்சா நாத்தம் மச்சான். உங்க தங்கச்சிக்கு மூச்சு புடிச்சிக்கும்," என்றான்.

பச்சையம்மாளுக்கு இழுப்பு. சின்ன வயதிலிருந்து உண்டு. மில் லைன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு உமிச்சாம்பலும் தவிட்டுத் தூசியும் சேர்ந்துகொண்டன. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியை மத்தியானம் எடுத்தால் சாம்பல் நிறம். டர்பன்டைன் வாசனை பட்டால் அரை நாள் உட்கார்ந்தே மூச்சு வாங்குவாள். அதனால்தான் தண்ணீர் வண்ணம். காரணம் நல்ல காரணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆம்பளை வாசிக்கிற கிட்டார்ப் பெட்டிக்குப் பிள்ளைகள் பெயிண்ட் அடித்தால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். நான்கு பேரில் நான் ஒருவன்.

அவன் வேலையைச் சொல்ல வேண்டும். முதலில் உப்புத்தாள். "உப்புத்தாள் போடாம பெயிண்ட் அடிக்கறது, மூஞ்சி கழுவாம பவுடர் போடற மாதிரி மச்சான்," என்பான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வான், அவனுக்கும் வாய் உண்டு. பிறகு வெள்ளை பிரைமர். பிறகுதான் வண்ணம். குளிக்கிற ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒற்றி ஒற்றி எடுத்தால் அதற்கு 'மூட்டம்' என்று பெயர். மலையில் இறங்குகிற பனி மாதிரி இருக்கும். ஈரத்தில் சீப்பை இழுத்து மர ரேகை வரவைப்பான். பிளைவுட் தேக்கு மாதிரி ஆகிவிடும். பச்சையம்மாள் சீப்பைக் காணோம் என்று தேடுவாள்.

எல்லாவற்றிலும் பெரிய வித்தை 'ஏரி வெடிப்பு'. அடியில் கறுத்த காவி நிறம். அது காய்ந்ததும் மேலே வெள்ளைப் பசை, நாம் மரம் ஒட்டுகிற அதே பசை. பசை பாதி காய்ந்து விரலில் ஒட்டுகிற பதத்தில் அதற்கு மேல் தந்த நிறம். ஒரே இழுப்பு, திரும்பத் தொடக்கூடாது. ஃபேனுக்கு முன்னால் வைத்தால் கண் எதிரிலேயே மேல் நிறம் வெடித்துக் கீழ் நிறம் எட்டிப் பார்க்கும், கோடையில் வற்றிய ஏரி மாதிரி. அந்த நேரத்தில் அவன் யாரையும் பேச விடமாட்டான். நாங்கள் ஆறு பேர் தும்மலை அடக்கிக்கொண்டு ஒரு பலகை வெடிப்பதைப் பார்த்திருக்கிறோம்.

காய்ந்ததா இல்லையா என்று பார்க்கத்தான் கன்னம். "விரல வெச்சா காஞ்ச மாதிரி தான் இருக்கும். கன்னம் பொய் சொல்லாது. சில்லுனு இருந்துச்சின்னா உள்ள ஈரம் கீது," என்பான். பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். களமருதூரில் ஒரு கல்யாணத்தில், பந்தலுக்குப் பின்னால் புதுப் பெட்டியை இப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் மைக்கில், "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கவனிக்கணும், இங்க இன்னொரு மாப்ளைக்கும் முதலிரவு நடந்துக்கினு கீது!" என்று அறிவித்தேன். பந்தல் குலுங்கியது. பச்சையம்மாளும் அங்கே பந்தியில் இருந்தாள். இலையை மூடிவிட்டு எழுந்து போனாள் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

இனி மலைக் கதை. பெயர் வந்தது அங்கேதான்.

விழுப்புரத்தில் வாத்தியக் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் கச்சேரி ஒன்றில் ஏழுமலையின் பெட்டியைப் பார்த்துவிட்டார். அடுத்த நிகழ்ச்சி எங்கே என்று கேட்டார். கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமத்துக் கோயில் விழா என்றோம். "மலைக்கு நானும் வர்றேன். புதுசா ஒண்ணு செஞ்சி மேடையில வைங்க. மேடையில தாங்கிச்சின்னா பன்னெண்டு பெட்டி எடுத்துக்கறேன், அப்புறம் மாசாமாசம் பாக்கலாம்," என்றார்.

அந்த வார்த்தையில் ஏழுமலைக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மில் வேலையை விடலாம். மில் வேலையை விட்டால் லைன் வீட்டை விடலாம். கச்சிராயபாளையம் ரோட்டில் மாந்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. முன்பக்கம் பெட்டி செய்ய இடம், பின்பக்கம் இரண்டு அறை. உமி இல்லை, சாம்பல் இல்லை. பச்சையம்மாளை அழைத்துப் போய்க் காட்டிவிட்டான். அவள் உள்ளே போய் ஜன்னல் ஓரமாக நின்று, இழுத்து ஒரு மூச்சு விட்டு, "இங்க தான் கட்டிலு," என்று சொன்னாளாம். டாக்டரும் அவனிடம் ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார்: மருந்து மாற்றுவதைவிட வீட்டை மாற்று. ஆக அந்தப் பெட்டி மேடையில் நின்றால் அவள் மூச்சு நிற்காது. இவ்வளவுதான் விஷயம்.

ஒன்றரை மாதம் செய்தான். ஏரி வெடிப்பு. அவன் செய்ததிலேயே உச்சம் அதுதான். யானைத் தந்தத்தை உடைத்து ஒட்டிய மாதிரி இருந்தது. நான்கு ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அவ்வளவு பேர் இல்லாவிட்டாலும் மில்லில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடியில் பசை இருக்கிறதல்லவா, அது தண்ணீரைக் கண்டால் மறுபடி இளகிவிடும். அதனால் மேலே தண்ணீர் வார்னிஷ் மூன்று கோட் கட்டாயம் அடிக்க வேண்டும். நான் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். லைன் வீட்டு வாசலில் நின்று, "மாப்ள, மலை மேல மூட்டம் எறங்கும், வார்னிஷ் அடிச்சிடு," என்றேன்.

"வார்னிஷ் அடிச்சா பளபளன்னு ஆயிடும் மச்சான். வெடிப்பு செத்துடும். வேணாம்," என்றான் ஏழுமலை.

"ஈரம் பட்டா?"

"என் வேல எனக்குத் தெரியும். நீங்க மைக்க பாருங்க."

அழகு கெடும் என்ற ஒரு கர்வம். இதை நான் அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன், உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

மலையில் பகல் கச்சேரி. சாயங்கால பஸ்ஸுக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு மணிக்கே தொடங்கினோம். கூட்டம் பத்தாயிரம் பேர். கோயில் முன்னால் இருந்த இடத்தில் ஐந்நூறு பேர்தான் நிற்க முடியும் என்று சிலர் சொல்வார்கள், மரத்தின் மேல் இருந்தவர்களை அவர்கள் எண்ணவில்லை. விழுப்புரத்துக்காரர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாடகி கலா வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். முதல் பாட்டு முடிந்ததும் கடைக்காரர் எழுந்து வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஏழுமலை என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மூன்றாவது பாட்டில் மூட்டம் இறங்கியது. அதோடு பொடித் தூறல். பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெட்டியின் மேல் மூலையில் தந்தத் தோல் ஒரு விரல் அளவு நகர்ந்தது. அப்புறம் முழுத் தோலும், பாலாடை மாதிரி, சுருங்கிச் சுருங்கிக் கீழே வழிந்தது. அடியில் இருந்த காவி கரைந்து சிவப்பாக ஓடியது. கலா அதற்கு முன்னாலேயே பாட்டின் இடைவெளியில் பெட்டியில் முதுகைச் சாய்த்திருந்தாள். திரும்பியபோது அவள் வெள்ளை முதுகில் ஏரி முழுவதும் அச்சாகியிருந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "இன்னாடி இது, பொட்டி அழுவுது!" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைக் என் கையில். அறிவிப்பாளன் வாயடைத்து நிற்கக்கூடாது. "பெரியோர்களே, தாய்மார்களே, பயப்படாதீங்க! பொட்டிக்கு ஒண்ணும் ஆவல. எங்க ஏழுமலை சாயம் வெளுத்துப்போச்சு, அவ்ளோ தான்!" என்றேன்.

மலையே சிரித்தது. விசில். "சாயம்! சாயம்!" என்று பின்னாலிருந்து ஒருவன் தொடங்கினான், மரத்திலிருந்தும் சத்தம் வந்தது. ஏழுமலை வாசிப்பை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் சட்டையைக் கழற்றிப் பெட்டி மேல் போர்த்தினான். அந்தக் குளிரில் பனியனோடு மிச்சப் பாட்டுகளையும் வாசித்தான். சட்டையும் சிவப்பாகிவிட்டது. கடைக்காரர் கிளம்பும்போது வழிந்ததை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, என்னிடம், "கிட்டார் நல்லா வாசிக்கறாரு. அத மட்டும் பாக்கச் சொல்லுங்க," என்றார்.

பெயர் எங்களுக்கு முன்னால் மலை இறங்கிவிட்டது. வெள்ளிமலை டீக்கடையிலேயே, "இவரு தான் சாயமா?" என்று கேட்டார்கள். அடுத்த கச்சேரியிலிருந்து நான் குழுவை அறிமுகம் செய்யும்போது, "கிட்டார்... நம்ம சாயம் ஏழுமலை!" என்று சொல்லி மலைக் கதையைச் சொல்வேன். வார்னிஷ் வேண்டாம் என்ற கதையையும் சொல்வேன். மக்களுக்கு அது பாட்டைவிடப் பிடித்தது. ஏழுமலை என்ன செய்வான் தெரியுமா? நான் சொல்லி முடிக்கிற இடத்தில், கிட்டாரில் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுப்பான், வண்ணம் வழிகிற மாதிரி. கைத்தட்டல் அள்ளும். பிடிக்காதவன் அப்படி வாசிப்பானா?

அதற்குப் பிறகு அவன் செய்த எந்தப் பெட்டியும் வழியவில்லை. மழையில் வைத்தார்கள், வேண்டுமென்றே சோடா ஊற்றிப் பார்த்தார்கள். வழியவில்லை. ஆனால் யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் லைன் முனையில் நின்று, "சாயம் வூடு எதுங்க?" என்று கேட்டது, உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த அவளுக்குக் கேட்டது. டம்ளரை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

பச்சையம்மாள் லைன் வீட்டிலேயே ஐந்து மழைக்காலம் தள்ளினாள். ஆறாவதைத் தள்ள முடியவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். பேச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில், "ணா, அந்த வூட்டு ஜன்னலாண்ட காத்து ஜாஸ்தி வரும்ணா," என்றாள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. விதி என்று வெளியே வந்து எல்லோரிடமும் சொன்னேன். புருஷன் கர்வத்துக்குப் பெண்டாட்டி கொடுத்தாள் என்றும் சொன்னேன். ஏழுமலை வாசலில் நின்றுகொண்டிருந்தான். கேட்டிருப்பான்.

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் செல்வியிடம் படித்துக் காட்டினேன். முடிந்ததும் தாளை வாங்கி ஒரு வரியில் விரலை வைத்து, "வார்னிஷ் வேணாம்னு அப்பா சொன்னாரா மாமா?" என்றாள்.

"சொன்னான்."

"எங்க வெச்சி?"

"அதான் எழுதிக்கீறனே. லைன் வூட்டு வாசல்ல."

"மலைக்குப் போறதுக்கு முந்தின வாரம் அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க மாமா. அப்பா அங்கியே தான் இருந்தாரு. வூடு பூட்டிக் கெடந்துது. நான் உங்க வூட்ல தான் இருந்தேன்." தாளை மடித்தாள். "பொட்டியும் உங்க வூட்ல தான் இருந்துது."

தாளை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மேலே எழுதிய எதையும் நான் அடிக்கப்போவதில்லை. எழுதியது எழுதியதாக இருக்கட்டும். குதிரை நிற்கவில்லை, கொஞ்சம் மெதுவாக நடந்தது, அது போகட்டும். ஆனால் ஒன்று. வார்னிஷ் வேண்டாம் என்று ஏழுமலை சொல்லவே இல்லை. அது நான் சேர்த்தது. மலை இறங்குகிற வழியில், முதல் வளைவில், கலா 'ஏங்க வார்னிஷ் அடிக்கலியா?' என்று கேட்டபோது என் வாயில் வந்தது. வந்ததைப் பிறகு மெருகேற்றிக்கொண்டேன்.

நடந்தது இது. பெட்டி மட்டும்தான் முடிந்திருந்தது, வார்னிஷ் பாக்கி. பச்சையம்மாளுக்கு மூச்சு அடைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் பெட்டியையும் பிள்ளையையும் என் வீட்டில் விட்டான். புது வார்னிஷ் டப்பாவும் பிரஷ்ஷும் கொடுத்தான். "மூணு கோட்டு மச்சான். பெரிய வேல இல்ல. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல ஒரு வேள சோறு துன்னுங்க, காஞ்சிடும்," என்றான். நான் மூன்று வேளையும் சோறு தின்றேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், "அடிச்சாச்சு மாப்ள, கண்ணாடி மாதிரி கீது," என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மலைக்குப் போகிற அன்று பெட்டிக்குச் சாக்கு சுற்றி நானே வண்டியில் ஏற்றினேன், அவன் பச்சையம்மாளை வீட்டில் விட்டுவிட்டு நேராக வந்து ஏறினான். கன்னம் வைத்துப் பார்க்க நேரமில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. டப்பா எதிரிலேயே இருந்தது. அவன் கடை போட்டுவிட்டால் என் குழுவுக்கு கிட்டார் யார் என்று ஒரு நினைப்பு. மழை வராது என்று ஒரு நினைப்பு. இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மலையிலிருந்து வந்த மறுநாள் செல்வியின் துணிமணியை எடுக்க என் வீட்டுக்கு வந்தான். அலமாரியில் டப்பா இருந்தது. எடுத்தான். மூடியைச் சுற்றி நகத்தால் ஒரு சுற்று தடவிப் பார்த்தான். சீல் பிரியாமல் இருந்தது.

"மூடி இறுகிப்போச்சு போல. தெறக்க வரலியா மச்சான்?"

"ஆமா மாப்ள. வரல."

"சரி," என்று எடுத்த இடத்திலேயே வைத்தான். பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பேசவில்லை, பச்சையம்மாள் போன அன்றும் பேசவில்லை. அவளுக்கோ செல்விக்கோ சொன்னதாகவும் தெரியவில்லை. நான் மைக்கில் கதை சொல்லி முடிக்கிறபோதெல்லாம் பின்னாலிருந்து அந்த இழுப்பை மட்டும் வாசித்தான்.

அச்சகத்தில் சொல்லிவிட்டேன் செல்வி. படத்துக்குக் கீழே ஏழுமலை என்று மட்டும் வரும். அவனுடையது என்று என்னிடம் இருப்பது அந்த டப்பா ஒன்றுதான். அதை அவன் திருப்பிக் கேட்கவில்லை.